கரிசல் மண்ணில் அஸ்திவாரச் செலவைக் குறைத்து, அந்தப் பணத்தில் எலிவேஷன் செய்யலாமா?

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது இது: விளாத்திகுளம் பக்கம் கரிசல் மனை, தரைத்தளம் மட்டும், வங்கிக் கடன். என்ஜினியர் பைல், அதாவது தரைக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண், போடச் சொல்கிறார். மேஸ்திரியோ, ஐந்தடிக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிக் கருங்கல் கட்டினால் போதும், மிச்சப் பணத்தில் எலிவேஷனை, அதாவது முகப்பை, ஜோராகச் செய்து தருகிறேன் என்கிறார். வீட்டில் எல்லோரும் மேஸ்திரி பக்கம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தார்கள்.

குறைக்காதீர்கள். தயவுசெய்து குறைக்காதீர்கள்.

நான் என்ஜினியர் இல்லை, அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், “டீச்சருக்கு கட்டடத்தைப் பற்றி என்ன தெரியும்” என்று யாராவது கேட்பார்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் மனையில் அஸ்திவாரம் முதல் வெளிப்பூச்சு வரை கூடவே நின்று வீடு கட்டியவள். கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்ததால் எல்லாம் என் தலையில்தான். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

கரிசலின் குணம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஐப்பசி மழையில் உப்பும், சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்தக் களிமண்ணில் மாண்ட்மோரில்லோனைட் என்ற தாது இருக்கிறது. அது தண்ணீரைத் தன் அடுக்குகளுக்குள் இழுத்து வீங்கும், காய்ந்தால் சுருங்கும். “ஒரு தளம்தானே, எடை கம்மி, லேசான அஸ்திவாரம் போதும்” என்பது இங்கே தலைகீழ்க் கணக்கு. மண் உப்பும்போது வீட்டை மேலே தள்ளுகிறது. எடை குறைந்த வீட்டைத்தான் அதற்குத் தூக்குவது சுலபம். எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தூக்கினாலும் பரவாயில்லை. வீட்டுக்கு நடுவில் இருக்கும் மண்ணில் ஈரம் அவ்வளவாக மாறாது, சுற்றுச்சுவர் ஓரத்து மண் நனைந்து நனைந்து காயும். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கினால் சுவர் என்ன செய்யும்? சன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீறல் விடும். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு வீடு இருக்கிறது. வருஷா வருஷம் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கிறார்கள், அடுத்த கோடையில் அதே இடத்தில் மறுபடி வாய் திறக்கிறது. அந்த வீட்டு முகப்பில் ஒட்டிய டைல்ஸ் எங்கள் பக்கம் யார் வீட்டிலும் இல்லாத அழகு.

மண் பரிசோதனையைக் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் செய்தோம். அது போக, பள்ளியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நானும் ஒன்று செய்து பார்த்தேன். நன்றாகக் காய்ந்த மண்ணைப் பொடித்துச் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு அளவு ஜாடிகளில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் அப்படியே விட வேண்டும். மண்ணெண்ணெயில் இந்த மண் வீங்காது. தண்ணீரில் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சோதனை. மறுநாள் தண்ணீர் ஜாடியில் மண் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரத்துக்கு நின்றது. மேஸ்திரியை அழைத்து வந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி டீச்சர், உங்க இஷ்டம்” என்றார். அதற்குப் பிறகு அவர் பைல் வேண்டாமென்று சொல்லவில்லை.

நாங்கள் போட்டது அண்டர் ரீம்டு பைல். ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இப்படிப்பட்ட மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறை. துளை போட்டு, அடியில் குமிழ் மாதிரி அகலப்படுத்துவார்கள். குமிழின் அகலம் பைல் தண்டின் அகலத்தைப்போல இரண்டரை மடங்கு. ஆழம் மூன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது. அந்த ஆழத்துக்குக் கீழே மழைக்காலம், வெயில்காலம் என்று மண்ணின் ஈரம் பெரிதாக மாறுவதில்லை. மேல் மண் உப்பித் தூக்கப் பார்த்தாலும் அடியில் குமிழ் பிடித்துக்கொள்ளும்.

பைல்களின் தலையைச் சேர்க்கிற பீமில்தான் எங்களுக்குச் சண்டை வந்தது. பீமின் அடிப்பக்கம் மண்ணைத் தொடக் கூடாது, மூன்று அங்குலமாவது இடைவெளி வேண்டும் என்று வரைபடத்தில் தெளிவாக இருந்தது. ஆட்கள் வழக்கப்படி மண்ணைத் தட்டிச் சமன்செய்து அதன் மேலேயே கம்பி கட்டத் தொடங்கிவிட்டார்கள். நிறுத்தச் சொன்னேன். “பீமுக்குக் கீழ ஓட்டை விட்டா வீடு எதுல டீச்சர் நிக்கும்?” என்று கேட்டார் மேஸ்திரி. “பைல்ல நிக்கும் அண்ணாச்சி. மண்ணுல நிக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு செலவு செய்றோம்” என்றேன். மண்ணை எடுத்துவிட்டு மணல் பரப்பி, மேலே பீம் போட்டு, இறுகியபின் மணலைக் கிளறி எடுத்தோம். வெளி மண் உள்ளே சரியாமல் இரண்டு பக்கமும் செங்கல் அடைத்தோம். பேஸ்மட்டம் நிரப்பவும் தோண்டிய கரிசலைத் தொடவிடவில்லை, கிராவல் அடித்து, அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினோம்.

“இம்புட்டுத் துட்டையும் மண்ணுக்குள்ள போட்டுட்டியே தாயி” என்று என் பெரியம்மா அழாத குறை. பேஸ்மட்டம் எழும்பும் வரை பார்க்க வந்தவர்களெல்லாம் அதையேதான் சொன்னார்கள். இன்றைக்கு எத்தனையோ கோடை கடந்துவிட்டது. சுவரில் ஒரு கீறல் இல்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

மேலே எழும்பும்போது எனக்கு முக்கியமாகப்பட்டது தண்ணீர்தான். வீடுகளுக்குப் போடும் எம்20 தரக் கான்கிரீட்டில் 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு மிஞ்சிப்போனால் 27 லிட்டர், எம் சாண்டில் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஈரம் இருந்தால் அதற்கும் கீழே. கலவை சுலபமாக ஓட வேண்டும் என்று மெஷினில் குழாயைத் திறந்துவிடுவார்கள். ரூஃப் போடும் அன்று குழாயை எடுத்துவிட்டு அளவு வாளி வைக்கச் சொல்லி, மெஷின் பக்கத்திலேயே நின்றேன். முணுமுணுத்தார்கள்தான். கலவை கெட்டியாக இருக்கிறது என்றால் அதை அதிர வைத்து இறங்கச் செய்யத்தான் வைப்ரேட்டர். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் இல்லாமல் கம்பி பலகையில் படுத்திருந்தால் கான்கிரீட்டைக் கொட்ட விடாதீர்கள். அப்புறம், வெயில் கடுமையான நம் ஊரில் பிபிசி (போர்ட்லேண்ட் பொசோலானா) சிமென்ட் போட்டால் இரண்டு வாரமாவது தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்க வேண்டும்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ரூஃப் அன்று சாரத்தில் ஏறி ஏறிக் கலவைச் சட்டியைக் கடத்தியதெல்லாம் பெண்கள். கொத்தனாருக்கு மரியாதையும் இருக்கிறது, கூலியும் இருக்கிறது. சித்தாளுக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. இருபது வருஷமாகச் சித்தாளாக இருக்கும் ஓர் அக்கா, பூச்சு எங்கே வழுக்குகிறது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். ஆனால் அவர் கையில் யாரும் கரண்டி கொடுத்ததில்லை. ஆண் பையன் இரண்டு வருஷம் நிமிந்தாளாக, கொத்தனாருக்குக் கையாளாக, நின்றால் கொத்தனார் ஆகிவிடுகிறான். பிளான் அப்ரூவலின்போது கட்டட மதிப்பில் 1 சதவீதம் தொழிலாளர் நலநிதி என்று நம்மிடம் வாங்குகிறார்கள், நானும் கட்டினேன். எங்கள் மனையில் வேலை பார்த்த பெண்கள் பெரும்பாலானோரிடம் நலவாரிய அட்டையே இல்லை. நீங்கள் கட்டும்போது அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பதிவு செய்ய உதவுங்கள்.

சரி, வெளிப்பக்கத்துக்கு வருகிறேன். எலிவேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெளிப்பக்கம் என்றால் எனக்கு முதலில் மழைதான். சன்ஷேடின் அடிப்பக்க விளிம்பில் ஒரு சிறு காடி (பள்ளக் கோடு) இழுத்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், சுவர் வரை ஊர்ந்து வராது. காசே ஆகாத வேலை, பலரும் செய்வதில்லை. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்துவிட்டுப் பூசச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கோட்டிலேயே பூச்சு வெடிக்கும். மொட்டைமாடிக்கு நாங்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்த சுருக்கி போட்டு மேலே தட்டோடு பதித்தோம். ஆள் கிடைப்பது சிரமம், ஆனாலும் வெயிலுக்கு அது கேட்கிறது.

கரிசலில் இன்னொன்று. வீட்டைச் சுற்றி நாலடி அகலத்துக்குச் சிமென்ட் தளம் போட்டு, வெளியே சரிவு கொடுங்கள். மாடித் தண்ணீரை அஸ்திவாரத்தின் ஓரத்தில் கொட்ட விடாமல் குழாய் வழியே தள்ளிக் கொண்டுபோய் மழைநீர்த் தொட்டியில் விடுங்கள். செப்டிக் டேங்க் சுவரை ஒட்டி வேண்டாம். வேப்பமரம் ஆசையிருந்தால் மனையின் மூலையில் வையுங்கள், மரம் கோடையில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி சுருக்கத்தைக் கூட்டும்.

எல்லா ஊருக்கும் பைல் வேண்டும் என்று நான் சொன்னதாகத் தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். செம்மண்ணோ சரளையோ பாறையோ இருந்தால் கணக்கே வேறு. கரிசலும் சில இடத்தில் மூன்றடிதான் இருக்கும், கீழே கெட்டியான சுக்கான் பாறை வந்துவிடும். அங்கே கரிசலை முழுசாக எடுத்துவிட்டு, கெட்டி மண்ணில் சாதா ஃபுட்டிங் போட்டாலே போதும் என்று உங்கள் என்ஜினியரே சொல்லலாம். அதனால்தான் மண் பரிசோதனை செய்தபிறகு முடிவெடுங்கள் என்கிறேன். “காசு இருப்பவர் பேச்சு” என்றும் சிலர் சொல்வார்கள். எங்களுடையதும் கடன்தான், நகையும் அடகில் இருந்தது.

பணம் பற்றவில்லை என்றால் முதலில் முகப்பு டைல்ஸை நிறுத்துங்கள். பிறகு காம்பவுண்டுச் சுவர், பிறகு வெளிப்பெயின்ட். வெறும் பூச்சோடு, வெள்ளை அடித்து இரண்டு வருஷம் இருக்கலாம், நாங்கள் இருந்தோம். அதுவும் போதாவிட்டால் ஓர் அறையைக் குறைத்து, பின்னால் சேர்க்க இடம் விட்டுக் கட்டுங்கள். பைலிலும் அந்தப் பீமிலும் மட்டும் கை வைக்காதீர்கள்.