சங்கக் கூட்டத்தில் சாமி

அன்புள்ள அக்கா,

எங்கள் ஊர்ச் சேவைச் சங்கத்துக்கு இந்த வருடம் நான் செயலாளர். மொத்தம் 38 உறுப்பினர்கள். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம், சாமி இல்லை என்பவர் எல்லாரும் இருக்கிறோம். கூட்டத் தொடக்கத்தில் 'இன்றைய சிந்தனை' என்று ஒருவர் மூன்று நிமிடம் பேசுவது வழக்கம். போன மாதம் ஒருவர் தன் மனைவியின் நோய் ஜெபத்தால் குணமானதைச் சொல்லிக் கண் கலங்கினார். அடுத்த கூட்டத்தில் இன்னொருவர், அதற்குப் பதில் சொல்வது போல, கீதையை எடுத்துக்கொண்டு 15 நிமிடம் பேசினார். பட்டயத் தலைவர் (சங்கம் தொடங்கியபோது முதல் தலைவராக இருந்தவர்) கோபமாகி, இனிமேல் மதமே வேண்டாம், திருக்குறள் மட்டும் போதும் என்கிறார். ஒரு நிமிட மௌனம் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் சகோதரி இருக்கிறார். பாவம், அவர் எதுவும் சொல்வதில்லை. எல்லா மதமும் ஒன்றைத்தானே சொல்கின்றன, இதற்கு ஏன் சண்டை? அடுத்த மாதம் கண் சிகிச்சை முகாம் நடத்துகிறோம். அதன் தொடக்க விழாவிலும் இதே தகராறு வரும் போலிருக்கிறது. என்ன செய்யலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சங்கத்துப் பஞ்சாயத்துகளுக்கு நான் பதில் எழுதுவதில்லை. கடைசியில், போகிற போக்கில், முகாமைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். கொஞ்ச நாளாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். அதனால் எழுதுகிறேன்.

முதலில் சில்லறை விஷயங்கள். எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கின்றன என்பதை விட்டுவிடுங்கள். மனைவி பிழைத்ததற்கு இயேசுவுக்கு நன்றி சொல்கிறவரிடம் போய் நீங்கள் சொல்வதும் கீதை சொல்வதும் ஒன்று என்றால், அவரும் ஒப்புக்கொள்ள மாட்டார், கீதைக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார். இருவருக்கும் இடையே நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். திருக்குறளைக் கொண்டுவந்தால் தகராறு தீரும் என்று உங்கள் பட்டயத் தலைவர் நினைக்கிறார். அதன் முதல் அதிகாரமே கடவுள் வாழ்த்து. அந்தக் கடவுள் எங்களவர் என்று சமணரும் சொன்னார்கள், சைவரும் சொன்னார்கள். 1886இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு. போப் அதில் கிறிஸ்தவச் செல்வாக்கைக் கண்டார். அது பழைய சண்டை என்பதால் நம் காதில் விழுவதில்லை, அவ்வளவுதான்.

மருந்துக்கடைச் சகோதரி விஷயத்துக்கு வருகிறேன். 'பாவம், எதுவும் சொல்வதில்லை.' தம்பி, நீங்கள் கேட்டீர்களா? எனக்கு இவ்வளவு நீளக் கடிதம் எழுதிய நேரத்தில் அவருக்கு ஒரு ஃபோன் செய்திருக்கலாம். அந்த ஜெபக் கதை அவருக்குப் பிடித்துக்கூட இருக்கலாம். கீதைப் பேச்சு அலுப்புத் தட்டியிருந்தால், அது கீதை என்பதாலா, 15 நிமிடம் என்பதாலா? எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளாமலே அவருக்காகப் பரிதாபப்படுகிறீர்கள். எனக்கு அது கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை. அடுத்த மூன்று நிமிடத்தை அவரிடம் கொடுங்கள். கடன் சொல்லி மாத்திரை வாங்கிப் போகிறவர்களைப் பற்றிப் பேசுவார், அல்லது நோன்பைப் பற்றிப் பேசுவார். அது அவர் இஷ்டம்.

விதி என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1917இல் மெல்வின் ஜோன்ஸ் சிகாகோவில் தொடங்கிவைத்த அரிமா சங்கங்களின் (லயன்ஸ் கிளப்) நோக்கங்களில் ஒன்று, பொது விஷயங்களை வெளிப்படையாகப் பேச ஒரு மேடை அமைப்பது. கட்சி அரசியலையும் மதப்பிரிவுச் சமாச்சாரங்களையும் மட்டும் உறுப்பினர்கள் விவாதிக்கக் கூடாது. ரோட்டரி, கூட்டத்தில் பிரார்த்தனை உண்டா இல்லையா என்பதை அந்தந்தச் சங்கத்தின் முடிவுக்கே விட்டுவிட்டது. சகிப்புத்தன்மையோடு நடத்துங்கள், அவ்வளவுதான். மதத்தை இப்படி எட்ட நிறுத்தி வைத்ததும் சிலருக்கு உறுத்தியிருக்கிறது. குருமார் ரோட்டரியில் சேரக் கூடாது என்று 1951இல் வாட்டிகன் ஆணையே போட்டது. பிற்பாடு அந்த இறுக்கம் தளர்ந்து, 1979இல் ரோமில் கூடிய ரோட்டரிக்காரர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் பேசினார்.

அரிமா விதியைக் கவனியுங்கள். தடை விவாதத்துக்குத்தான். நம் ஊரில் நடைமுறை எப்படி இருக்கிறது? ஒருவர் எழுந்து எந்தச் சாமியைப் பற்றியும் எவ்வளவு நேரமும் பேசலாம். எதிரில் இருப்பவர் ஒரு கேள்வி கேட்டால் மட்டும் அது மதச்சண்டை ஆகிவிடுகிறது. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. ஜெபத்தால் குணமானது என்றவரிடம், எந்த மருத்துவமனை, என்ன சிகிச்சை, அந்த இரவுகளில் கூட யார் இருந்தார்கள் என்று நாலு பேர் கேட்டிருந்தால் அவர் இன்னும் பத்து நிமிடம் பேசியிருப்பார். அந்தப் பேச்சு உங்கள் எல்லாருக்கும் சொந்தமாகியிருக்கும். கீதைக்காரருக்கும் பதிலடி தேவைப்பட்டிருக்காது.

ஒரே ஒருவர் ஆட்சேபித்தால்? 1947 ஏப்ரலில் தில்லியில், துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் காந்தி நடத்திய பிரார்த்தனைக் கூட்டத்தில் குர்ஆன் வசனம் ஓதக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. காந்தி அந்த வசனத்தை விட்டுவிட்டு மற்றதை ஓதவில்லை. எதிர்த்தவரை வெளியே தள்ளிவிட்டும் ஓதவில்லை. பிரார்த்தனையையே நிறுத்திவிட்டார். அடுத்த நாளும் அப்படியே நடந்தது. எதிர்ப்பு அடங்கிய பிறகுதான், குர்ஆன் வசனத்தோடேயே, பிரார்த்தனை நடந்தது. அந்தப் பிடிவாதம் நமக்கு வராது. ஆட்சேபித்தவரை வெளியே தள்ளாமல் இருந்தார் பாருங்கள், அதையாவது செய்யலாம்.

சரி, சங்கக் கூட்டம் இதற்கு மேல் வேண்டாம். நீங்கள் 38 பேரும் சந்தா கட்டுகிறவர்கள், ஒருவருக்கொருவர் சமமானவர்கள். பேச்சு பிடிக்கவில்லையென்றால் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடலாம். முகாமுக்கு வருகிறவர் எங்கே போவார்?

என் பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இப்போது முகாமில் ஆளைத் தேர்ந்தெடுத்து பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். அப்போது பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ முகாம் போட்டு அங்கேயே அறுவை சிகிச்சை செய்வார்கள். பாயில் வரிசையாகப் படுத்திருப்பார்கள். நான்தான் துணைக்குப் போயிருந்தேன். கட்டுப் பிரிக்கிற அன்று விழா. கட்டுப் போட்டபடியே எல்லாரையும் மேடைக்கு முன் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இறைவணக்கம், வரவேற்புரை. அதன்பின் செலவில் பெரும்பங்கு ஏற்றுக்கொண்ட ஒரு வியாபாரி ஆன்மிகச் சிந்தனை வழங்கினார். போன பிறவியில் அடுத்தவன் வீட்டு விளக்கை அணைத்தவர்களுக்கு இந்தப் பிறவியில் கண் போகும், இன்று எங்கள் மூலமாக ஆண்டவன் உங்களை மன்னித்திருக்கிறான் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். கண் கட்டியிருந்தவர்களும்தான்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. வா பெரியம்மா, போய்விடலாம் என்றேன். "கண்ணக் கட்டிப் போட்டுருக்காங்க, எங்கிட்டுடி எந்திரிச்சுப் போறது?" என்றார். பிறகு காதோடு சொன்னார்: "சாமி இவன்கிட்ட வந்து சொல்லுச்சாக்கும்."

பெரியம்மா நாத்திகர் அல்ல. மாரியம்மனுக்கு வருடா வருடம் தீச்சட்டி எடுத்தவர். தன் கண் போனதற்கும் அந்த அம்மனோடு அவருக்குத் தனிக் கணக்கு வழக்கு இருந்தது, கோயிலில் நின்று சத்தமாகவே கேட்பார். ஒரு மனுஷி தன் சாமியோடு போடும் சண்டைக்குள் மூன்றாம் ஆள் ஒருவர் மைக்கோடு நுழைந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எழுந்து போக முடிந்திருந்தால் போயிருப்பார்.

இது ஒரு மதத்துக்காரர் செய்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கையில் டோக்கனைக் கொடுத்து, மருத்துவர் வரும்வரை பிரசங்கம் கேட்கவைத்த முகாமையும் பார்த்திருக்கிறேன். நெற்றியில் திருநீறு பூசி வந்த கிழவிகளை உட்காரவைத்து, பட்டை போட்டதால் பார்வை வந்ததா, டாக்டரால் வந்ததா என்று மைக்கில் கேலி செய்த பகுத்தறிவாளரையும் பார்த்திருக்கிறேன். மூன்றும் ஒரே காரியம்தான். உதவி வாங்க வந்தவர் பதில் பேச முடியாது, வெளியே போகவும் முடியாது. அவரிடம் நம் கொள்கையைச் சொல்வது சிந்தனை வழங்குவது ஆகாது, வசூல்.

அப்படியானால் சேவையில் மதமே கூடாதா என்பீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனை தொடங்கினார். அரசு வேலையில் 58 வயதில் ஓய்வு பெற்றவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களை வைத்துக்கொண்டே அறுவை சிகிச்சை செய்தவர். ஸ்ரீஅரவிந்தரின் பக்தர். மருத்துவமனைக்கு அரவிந்தர் பெயரையே வைத்தார். அவரை அத்தனை வருடம் ஓடவைத்தது அந்த நம்பிக்கைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே போய்ப் பார்வை பெற்று வருகிறவர் அரவிந்தர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. முதலாளியின் மகன் பெயர் அரவிந்த் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை எனக்கே தெரியும். அவர்கள் கண்ணுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இன்னொன்று. போலியோ ஒழிப்பை ரோட்டரி உலக அளவில் 1985இல் கையில் எடுத்தது. உத்தரப் பிரதேசத்தில் முஸ்லிம் குடும்பங்கள் பல, சொட்டு மருந்து பிள்ளைகளை மலடாக்கும் என்ற வதந்தியை நம்பிக் கதவைச் சாத்தின. அங்கே ரோட்டரியின் நன்னடத்தைக் கேள்விகளான நால்வழிச் சோதனையை வாசித்துக் காட்டிப் பயனில்லை. உள்ளூர் இமாம்களிடம் போனார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், அவர்களுடைய மொழியில், அவர்கள் நம்பும் மனிதர் சொன்னார். இந்தியாவின் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில், மேற்கு வங்காளத்து ஹவுராவில். 2014 மார்ச்சில் நம் நாட்டுக்குச் சான்றும் கிடைத்தது. மதம் அங்கேயும் வந்தது. ஆனால் வாங்குகிறவர் பக்கத்திலிருந்து வந்தது. கொடுக்கிறவர் தன் மதத்தை அவர் தலையில் கட்டவில்லை.

உங்கள் கேள்வி எங்கோ போய்விட்டது, தெரியும். மௌனத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இருக்கட்டும், ஒரு நிமிடத்தில் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள். சிந்தனையை நிறுத்த வேண்டாம். மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம், அதற்குப் பின் ஐந்து நிமிடம் கேள்வி.

முகாமுக்கு மட்டும் சொன்னபடி செய்யுங்கள். விழா வேண்டுமென்றால் முந்தின நாள் சாயங்காலம் உங்கள் ஹாலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். குத்துவிளக்கு, ஜெபம், துஆ, குறள், பொன்னாடை எல்லாம் அங்கேயே முடியட்டும். மறுநாள் காலை 9 மணி என்று நோட்டீஸில் போட்டால் 9 மணிக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். பரிசோதனைக்காகக் கண்ணில் சொட்டு மருந்து விட்ட பின் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், கைப்பிடித்துக் கூட்டிப்போக இளைஞர்களை நிறுத்துங்கள். வெறும் வயிற்றோடு வரும் சர்க்கரை நோயாளிகளுக்கு இட்லி ஏற்பாடு செய்யுங்கள். மேடையே போட வேண்டாம், மேடை இருந்தால் யாராவது ஏறிவிடுவார்கள். வாழ்த்துரை வழங்க முடியாமல் போன, சங்க மாவட்டத்தின் முன்னாள் ஆளுநர்கள் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா