பட்ஸைப் பிரிக்கக் கொடுக்கறதுக்கு முன்னாடி குழிக்குள்ள டார்ச் அடிங்க

கேள்வி: ரெண்டு வருஷம் ஆன வயர்லெஸ் இயர்பட்ஸ். வலது பக்கம் மூணு மணி நேரம் பாடுது, இடது 20 நிமிஷத்துல ஆஃப். கடையில 800 ரூபாய்க்குப் பிரிச்சு ஒரிஜினல் பேட்டரி போட்டுத் தர்றேங்கறாங்க. கொடுக்கலாமா?

இப்போ கொடுக்காதீங்க. முதல்ல கேஸ்ல இடது பக்க குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, அந்த குட்டி பின்னு மேல காது அழுக்கும் வேர்வையும் படிஞ்சு கிடந்தா சார்ஜே ஒழுங்கா ஏறாது, நீங்க பேட்டரி போச்சுன்னு நெனச்சுப்பீங்க. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் லேசா தொட்டு காட்டன் குச்சியால துடைங்க, பட்ஸ் அடியில இருக்கற புள்ளியையும் சேர்த்து. அப்புறம் முழுசா சார்ஜ் போட்டுப் பாருங்க.

அப்பவும் 20 நிமிஷம்னா பேட்டரிதான். ஆனா பட்ஸ்ல ஸ்க்ரூவெல்லாம் கிடையாது, பெரும்பாலும் பசை. சூடு காட்டி பிளேடு நுழைப்பாங்க, அது கொஞ்சம் தவறி பேட்டரியைக் குத்துனா புகையும் நெருப்பும்தான், தப்பிச்சாலும் தலைமுடி மாதிரி ஃப்ளெக்ஸ் கேபிள் கிழியும், திரும்ப ஒட்டுனதுக்கப்புறம் வேர்வை தாங்காது. ஏர்பாட்ஸ் முதல் மாடலைப் பிரிச்சுப் பார்த்த ஐஃபிக்ஸிட்ங்கற ரிப்பேர் வெப்சைட், ரிப்பேர் பண்ற வசதிக்கு 10க்கு 0 மார்க் போட்டுச்சு, போடாம என்ன பண்ணுவான்.

ஒரே ஒரு விதிவிலக்கு, இதை நல்லா கேட்டுக்கோங்க. சில மாடல்ல உள்ள காசு மாதிரி உருண்டை செல் இருக்கும், 1254னு போட்டிருக்கும், அதாவது சுமார் 12 மில்லிமீட்டர் அகலம், 5.4 உயரம். 2019ல வந்த கேலக்ஸி பட்ஸ்ல அப்படித்தான், சால்டர் இல்லாம கழட்டி மாட்டலாம், அதுக்கு அதே ஐஃபிக்ஸிட் 6 கொடுத்துச்சு. உங்க மாடல் பேரோட டியர்டவுன்னு (பிரிச்சுக் காட்டற வீடியோ) போட்டு யூடியூப்ல தேடுங்க, உருண்டை செல் கிளிப்ல உக்காந்திருந்தா தாராளமா மாத்தலாம். செல்லு மேல நேரா சால்டர் வைக்கறவரா இருந்தா கும்பிடு போட்டு வந்துடுங்க, அந்தச் சூட்டுலயே செல் பாதி செத்துடும்.

அந்த "ஒரிஜினல்" கதையை மட்டும் நம்பாதீங்க. செத்த ஜோடியில இருந்து உருவுன செல்லுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி வித்ததை நானே கையில வாங்கிப் பார்த்திருக்கேன். அதுலயும் வாசல்ல நின்னு பட்ஸை வாங்கிட்டு உள்ள வேற யார்கிட்டயோ கொடுக்கறவர் இருக்காரே, அவர் பிரிக்கவும் மாட்டார், பதிலும் சொல்ல மாட்டார். உங்க கண்ணு முன்னாடி பிரிக்கணும், பழைய செல் உங்க கைக்கு வரணும்.

ஐரோப்பாவுல 2027 பிப்ரவரி 18ல இருந்து இந்த மாதிரி சாமான்ல பேட்டரியை வாங்குனவரே கழட்டற மாதிரி இருக்கணும்னு சட்டம், ஃபேர்ஃபோன்னு ஒரு ஐரோப்பா கம்பெனிக்காரன் 2024லயே அப்படி ஒரு பட்ஸ் பண்ணிட்டான். நம்ம ஊர்ல 2022ல ரைட் டு ரிப்பேர்னு, அதாவது ரிப்பேர் பண்ணிக்கற உரிமைன்னு, ஒரு போர்ட்டல் திறந்து விட்டாங்க, அவ்ளோதான்.

வாரன்ட்டி பாக்கி இருந்தா பில்லைத் தேடுங்க. ஒத்தை பட் மட்டும் கம்பெனியில விக்கறாங்களான்னும் கேளுங்க, சிலர் தர்றாங்க. இடது பட் உப்பியிருந்தா மட்டும் துடைக்கறது, சார்ஜ் போடறது எதுவும் வேணாம், கேஸ்ல வைக்காம தனியா எடுத்து ஈ-வேஸ்ட் வாங்கற இடத்துல கொடுத்துடுங்க.