ஒரே நோய்க்கு இரண்டு ஸ்டேஜா?

கேள்வி: என் கணவருக்கு வயது 56. வலது டான்சிலில் 3 செ.மீ. புற்றுக்கட்டி, அதே பக்கக் கழுத்தில் சின்னதாக இரண்டு நெறிக்கட்டிகள். பயாப்ஸியில் 'பி16 பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. டாக்டர் ஸ்டேஜ் 1 என்கிறார். என் தம்பியோ, கழுத்துக்கு வந்துவிட்டால் ஸ்டேஜ் 4 என்று படித்தானாம். தினம் ஒரு பாக்கெட் என்று 15 வருடம் சிகரெட் பிடித்தவர், இப்போது விட்டுவிட்டார். வைரஸால் வந்தது 'நல்ல வகை' என்கிறார்களே, சிகிச்சையைக் குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் தம்பி படித்தது தவறில்லை, பழைய கணக்கு. முன்பெல்லாம் டான்சில் புற்றுநோய் எதனால் வந்தாலும் ஒரே அட்டவணைதான். கழுத்தில் இரண்டு கட்டி இருந்தாலே 4. ஆனால் எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா) வைரஸால் வரும் புற்று சீக்கிரமே கழுத்துக்கு இறங்கும், சிகிச்சைக்கும் நன்றாகவே மடங்கும். பழைய எண் இவர்களை வீணாகப் பயமுறுத்தியது. ஸ்டேஜ் கணக்கிடும் கையேட்டின் எட்டாம் பதிப்பு 2018-ல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. அதில், பி16 பாசிட்டிவ் உள்ளவர்களுக்கு, அதாவது வைரஸால் வந்ததற்கான அடையாளம் உள்ளவர்களுக்கு, தனி அட்டவணை போட்டார்கள். அந்த அட்டவணைப்படி உங்கள் கணவர் ஸ்டேஜ் 1. நோய் மாறவில்லை, அளவுகோல் மாறியது.

சரி, அந்த 1-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு நிம்மதியாகிவிடலாமா? அங்கேதான் சிகரெட் குறுக்கே வருகிறது. இந்த அட்டவணை புகைப்பழக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. 2010-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு எடுத்தது. தினம் ஒரு பாக்கெட் வீதம் 10 வருடம் என்பது அதன் எல்லைக்கோடு. வைரஸ் இருந்து, அந்தக் கோட்டைத் தாண்டாதவர்கள் ஆபத்து குறைந்த பிரிவில் வந்தார்கள்; அதில் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 93 சதவீதம். வைரஸ் இருந்தும் கோட்டைத் தாண்டி, கழுத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டியும் இருந்தவர்கள் நடுப்பிரிவில் வந்தார்கள்; அதில் சுமார் 71 சதவீதம். உங்கள் கணவர் இந்த நடுப்பிரிவு. மறைப்பதில் பயனில்லை என்பதால் சொல்கிறேன். இது ஒரு கூட்டத்தின் கணக்கு, அவருடைய ஜாதகம் அல்ல. சிகரெட்டை விட்டது நல்லது. சிகிச்சை நேரத்தில் ஒன்றுகூட வேண்டாம்.

இன்னொன்று. பி16 என்பது வைரஸ் அல்ல, வைரஸ் புகுந்த செல்லில் பெருகும் ஒரு புரதம். புகை வந்தால் நெருப்பு இருக்கும் என்று ஊகிப்பது போலத்தான். 2023-ல் பல நாட்டு நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், பத்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக, பி16 பரிசோதனையும் வைரஸையே நேரடியாகத் தேடும் பரிசோதனையும் ஒன்றுக்கொன்று முரணாக வந்தன. பி16 இருந்து வைரஸ் இல்லாதவர்களுக்குப் பலன் தெளிவாகக் குறைவு. புகைத்தவர் என்பதால், எச்.பி.வி.க்கான நேரடிப் பரிசோதனையும் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எடுத்த சதைத் துண்டிலேயே பார்க்கலாம், மறுபடி ஊசி வேண்டாம்.

சிகிச்சையைக் குறைப்பதா? 'நல்ல வகை' என்ற பேச்சு எனக்குப் பிடிக்காததே இதனால்தான். கதிர்வீச்சோடு தரும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்குப் பதில், பக்கவிளைவு குறையும் என்று நம்பி செடுக்ஸிமாப் என்ற வேறு புற்றுநோய் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் இரண்டு ஆய்வுகளின் முடிவு வந்தது: பக்கவிளைவு பெரிதாகக் குறையவில்லை, உயிர் பிழைத்தவர்கள்தான் குறைந்தார்கள். அப்புறம், குறைப்பதற்கான ஆய்வுகள் பெரும்பாலும் அதிகம் புகைக்காதவர்களை வைத்தே நடக்கின்றன. உங்கள் கணவருக்கு டாக்டர் முழுச் சிகிச்சை சொன்னால் பேரம் பேசாதீர்கள். முடிந்து மூன்று மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேன், இன்றைய எந்த எண்ணையும்விட அவரைப் பற்றி அதிகம் சொல்லும்.