அத்தையே மாமியார்: முகலாயர் வீட்டு உறவுமுறை, கேள்வி பதில்

முகலாயர் வீட்டுப் பெண்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி ஜோதா பாயைப் பற்றித்தான். அதை முதலில் முடித்துவிடுவோம்.

கேள்வி: அக்பரின் மனைவி பெயர் ஜோதா இல்லை என்கிறார்களே, உண்மையா சார்?

உண்மைதான். 1562-இல் சாம்பரில் அக்பர் மணந்தது ஆம்பேர் ராஜா பார்மலின் மகளை. அக்பர் காலத்து எழுத்துகளில் அவருக்கு ஜோதா என்ற பெயரே கிடையாது. மரியம் உஸ் ஸமானி என்ற பட்டப்பெயரில்தான் அறியப்பட்டார். ஜோத்பூர்க்காரர் வேறொருவர்: ஜஹாங்கீரின் மனைவி, ஷாஜஹானின் தாய் ஜகத் கோசாயின். பிற்காலத்தில் எழுதியவர்கள் மருமகளின் பெயரைத் தூக்கி மாமியார் தலையில் வைத்துவிட்டார்கள். சினிமா மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது, மரியம் உஸ் ஸமானி அம்மாள் கப்பல் முதலாளி என்பது. செங்கடல் பக்கம் வியாபாரத்துக்கும் ஹஜ்ஜுக்கும் போய்வந்த அவருடைய ரஹீமி கப்பலை 1613-இல் போர்த்துக்கீசியர் பிடித்துக்கொண்டார்கள். மகன் ஜஹாங்கீர் சும்மா விடவில்லை. போர்த்துக்கீசியரோடு பெரிய தகராறே ஆனது.

கேள்வி: இஸ்லாத்தில் நான்கு மனைவிதானே, அக்பருக்கு அதற்கு மேல் எப்படி?

அக்பரே உலமாக்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) கேட்ட கேள்வி இது. ஆளுக்கொரு பதில் வந்தது. கடைசியில் மாலிகி என்ற சட்டப் பிரிவைச் சேர்ந்த காஜி (நீதிபதி) ஒருவர், முத்ஆ திருமணம், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செய்துகொள்ளும் திருமணம், செல்லும் என்று தீர்ப்பளித்தார். ஒத்துவராத பழைய காஜி பதவி இழந்தார்.

கேள்வி: தன்னை வளர்த்த பைராம் கானின் விதவையையே அக்பர் மணந்தது ஏன்?

1561-இல் குஜராத்தில் பைராம் கான் கொலையான பிறகு நடந்தது அது. விதவையான சலீமா பேகம், அக்பரின் அப்பா ஹுமாயூனின் சகோதரி மகள். நம் கணக்கில் சொன்னால் அக்பருக்கு முறைப்பெண். முதல் மனைவி ருக்கையாவோ சித்தப்பா ஹிந்தாலின் மகள். நம்மில் பலர் வீட்டில் தங்கை என்போம். அங்கே அது தடையில்லை. பைராம் கானின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த நான்கு வயது அப்துல் ரஹீமும் அக்பரிடம்தான் வளர்ந்தான். பின்னாளில் இந்தி ஈரடிகள் எழுதிப் புகழ்பெற்ற ரஹீம் அவர்தான்.

கேள்வி: நூர்ஜஹானும் மும்தாஜும் என்ன உறவு? படிக்கும்போதெல்லாம் குழம்புகிறது.

தமிழில் சொன்னால் குழம்பாது. மும்தாஜின் அப்பா ஆசப் கான். அவருடைய தங்கை நூர்ஜஹான். ஆக, அத்தை. மும்தாஜுக்கும் இளவரசர் குர்ரமுக்கும் (பிற்கால ஷாஜஹான்) 1607-இல் நிச்சயம், 1612-இல் கல்யாணம். நடுவே 1611-இல் அத்தை நூர்ஜஹான், மாப்பிள்ளையின் அப்பா ஜஹாங்கீரை மணந்துகொண்டார். மும்தாஜ் புகுந்த வீட்டுக்குப் போனபோது அத்தையே மாமியார்.

அப்புறம் இன்னொரு முடிச்சு. நூர்ஜஹானுக்கு முதல் கணவர் மூலம் லாட்லி என்று ஒரு மகள். அவளை ஜஹாங்கீரின் கடைசி மகன் ஷஹ்ரியாருக்கு 1621-இல் கட்டிவைத்தார். இப்போது லாட்லி மும்தாஜுக்கு அத்தை மகள், கூடவே ஓரகத்தி.

1627-இல் ஜஹாங்கீர் காஷ்மீரிலிருந்து திரும்பும் வழியில் இறந்தார். ஆசப் கான் யார் பக்கம்? தங்கை தன் மருமகன் ஷஹ்ரியாரை அரியணையில் ஏற்றப் பார்த்தாள். இவருக்கோ தன் மகளின் புருஷன் குர்ரம் இருந்தார். யோசிக்கவே இல்லை. தங்கையைக் காவலில் வைத்தார், தன் மோதிரத்தோடு ஓர் ஆளைத் தக்காணத்துக்கு மருமகனிடம் விரட்டினார். குர்ரம் வந்து சேரும்வரை அரியணை காலியாக இருக்கக்கூடாதே என்று ஜஹாங்கீரின் பேரன் தாவர் பக்‌ஷை உட்கார வைத்தார். சுத்தமான பலிகடா. பிறகு அவனும் ஷஹ்ரியாரும் கொல்லப்பட்டார்கள். நூர்ஜஹான் மகளோடு லாகூரில் ஒதுங்கி வாழ்ந்து 1645-இல் இறந்தார்.

கேள்வி: பால்குடி உறவு என்கிறார்களே, அதற்கு அவ்வளவு மதிப்பா?

ரத்த உறவுக்குக் குறைந்ததில்லை. குழந்தை அக்பருக்குப் பால் கொடுத்த செவிலித்தாய் ஜீஜீ அனகாவின் மகன் அஜீஸ் கோகா எத்தனை துடுக்காகப் பேசினாலும் அக்பர் பொறுத்துக்கொண்டார். எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு பாலாறு ஓடுகிறது, தாண்ட முடியவில்லை என்பாராம்.

ஆனால் எல்லாருக்கும் அந்தச் சலுகை இல்லை. அக்பரை வளர்த்த இன்னொரு செவிலித்தாய் மாஹம் அனகாவின் மகன் அதம் கான், 1562-இல் ஆக்ரா அரண்மனையிலேயே ஓர் அமைச்சரை வெட்டிச் சாய்த்தான். அக்பர் அவனை மேல்மாடத்திலிருந்து தள்ளச் சொன்னார். உயிர் போகவில்லை, மறுபடி மேலே இழுத்துவந்து தலைகீழாகத் தள்ளினார்கள். மாஹம் அனகா நாற்பது நாளைக்குள் இறந்துபோனாள். வெட்டுப்பட்ட அமைச்சர் அத்கா கான் யார் தெரியுமா? ஜீஜீ அனகாவின் கணவர், அஜீஸின் அப்பா.