எஸ்.பி.எம். எழுதாமல் கோல்ஃப் ஆடப் போகிறேன் என்கிறான், என்ன செய்வது?

அக்கா, போன வாரம் நீங்கள் பேசியதிலிருந்து எனக்கும் அதே நினைப்புதான். படிவம் 4 படிக்கிற பையன், பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். வேண்டாம், கோல்ஃப்தான் என் தொழில் என்று ஒற்றைக்காலில் நின்றால் எந்தத் தாய்க்குத் தூக்கம் வரும்? ஆனாலும் அவனைத் திட்டாதீர்கள். சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளை சனி ஞாயிறில் ஈப்போவுக்குப் பஸ் ஏறி, அடுத்தவர் மட்டைப் பையைச் சுமந்து, அந்தக் காசில் பழைய மட்டை வாங்கிப் பழகியிருக்கிறான், இதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது.

எனக்குப் பயமெல்லாம் அவன் அவசரத்தைப் பார்த்துத்தான். தொழில்முறை ஆட்டக்காரனாக மாறிய நாளிலிருந்து அமெச்சூர் போட்டிகளில் அவன் ஆட முடியாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் உபகாரச் சம்பளமும் கைவிட்டுப் போகும். நம் மலேசிய கோல்ஃப் ஆட்டக்காரர் கேவின் கிரீன் நியூ மெக்சிகோ பல்கலைக்கழக அணிக்கு ஆடிவிட்டுத்தான் தொழில்முறைக்கு வந்தார், 2017இல் ஆசியச் சுற்று என்கிற தொழில்முறைப் போட்டித் தொடரின் வருமானப் பட்டியலில் முதலிடமும் பிடித்தார், மலேசியரில் அவர்தான் முதல் ஆள். அந்த வழியில் போக நினைத்தாலும் எஸ்.பி.எம். சான்றிதழும் நல்ல ஆங்கிலமும் வேண்டும், மலாயும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது.

அப்புறம் காசு. இப்படிப்பட்ட தொடரில் ஒரு போட்டி பெரும்பாலும் நான்கு நாள் நடக்கும், இரண்டாம் நாள் முடிவில் ஏறக்குறைய பாதிப் பேரை வெளியே அனுப்பிவிடுவார்கள், அவர்களுக்குப் பொதுவாக ஒரு சென் கூடக் கிடைக்காது. விமான டிக்கெட், தங்குமிடம், நுழைவுக் கட்டணம், பை தூக்குகிறவருக்குக் கூலி எல்லாம் சொந்தக் கைக்காசு. இதை அவனிடம் மறைக்காதீர்கள், உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

கோல்ஃபில் சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லாம் டிவியில் வருகிறவர்கள் இல்லை, அக்கா. கிளப்பில் பாடம் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர் வேலை இருக்கிறது. ஃபிஜித் தீவின் இந்திய வம்சாவளி ஆட்டக்காரர் விஜய் சிங், சபாவில் கெனிங்காவ், சரவாக்கில் மிரி என்று கிளப்புகளில் அந்த வேலையைத்தான் பார்த்தார். பாடம் இல்லாத நேரமெல்லாம் பந்தடித்துப் பழகி, 1998இல் அமெரிக்க பிஜிஏ, 2000இல் மாஸ்டர்ஸ் என்று பெரிய போட்டிகளை வென்று, 2004இல் உலகின் முதல் நிலைக்கு ஏறினார். அத்தனை பேரும் அவராக முடியாது, ஆனால் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே பழகலாம் இல்லையா? புல்தரைப் பராமரிப்பும் நல்ல வேலை. உரம், வடிகால், பூச்சி என்று செம்பனைத் தோட்டத்தில் அவன் அப்பா தினமும் பார்ப்பதுதான், விவசாய டிப்ளோமா இருந்தால் மேற்பார்வையாளர் வரை போகலாம்.

சரி, இப்போதைக்கு ஒரு வேலை மட்டும் சொல்கிறேன். 18 குழியும் முழுதாக ஆடிய நான்கு நாள் மதிப்பெண் அட்டை வேண்டும், அதுவும் போட்டியில் ஆடியது. பந்து குழிக்குப் பக்கத்தில்தானே என்று நண்பர்கள் விட்டுக்கொடுக்கிற குட்டித் தட்டலையும் எண்ணிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். கோல்ஃபில் பந்தை அடித்த எண்ணிக்கை குறைந்தால்தான் நல்லது, ஒரு நாளைக்கு 72ஐச் சுற்றி நின்றால் நாம் வேறு மாதிரிப் பேசலாம், 80 என்றால் எஸ்.பி.எம். முடியும்வரை அமெச்சூராகவே ஆடட்டும். அட்டைகளோடு அவனையே என்னிடம் அனுப்புங்கள், நீங்களும் வாருங்கள், அவன் அப்பாவுக்குச் சனிக்கிழமை லீவு என்றால் அவரையும் கூட்டி வாருங்கள்.