பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாமா?

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு. போன வருடம் வரை நன்றாகத்தான் போனது. இந்த ஆண்டு டீச்சர் மாறியதிலிருந்து கடைசி பெஞ்ச், தனியாக. டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வருகிறது. சீருடைக் காலரைக் கடித்தே கிழித்துவிடுகிறான். ‘கூட உட்கார நீங்களே ஆள் வையுங்கள், இல்லாவிட்டால் டிசி வாங்கிக்கொள்ளுங்கள்’ என்கிறார் முதல்வர். வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். ‘படிப்பு போய்விடும், நாலு பிள்ளைகளோடு பழகாமல் போய்விடுவான்’ என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

காலரைக் கடித்துக் கிழிக்கிற பிள்ளையைத் திங்கட்கிழமையும் அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றில்லை. நிறுத்துங்கள். ஆனால் நிறுத்துவது வேறு, டிசி வாங்குவது வேறு. மருத்துவரிடம் கடிதம் வாங்கி விடுப்பு சொன்னால் இப்போதைக்குப் போதும். டிசிக்கு அவசரப்படுவது பள்ளிதான்.

வழக்கமாக நடப்பது இது: பெற்றோரை அடிக்கடி கூப்பிட்டு நோகடிப்பார்கள். அவர்களும் வெறுத்துப்போய் ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பதிவேட்டைப் பார்த்தால் பள்ளி யாரையும் வெளியே தள்ளியிருக்காது! அந்த வரியை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து, தேவையான வசதிகளும் செய்து தரவேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். முதல்வர் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார். அவர் சொன்னதை நீங்களே கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

படிப்பு போய்விடாது. வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுத வழிசெய்யும் என்ஐஓஎஸ் எனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிரம்பவேண்டும். உங்களுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டு செல்லும், ஒன்பது முறை எழுதலாம். கணக்கு வராதென்றால் மனையியலோ ஓவியமோ எடுத்துக்கொள்ளலாம்.

என் கவலை வீட்டைப் பற்றித்தான். எனக்குத் தெரிந்த ஒரு தாய் சுவரில் டைம்டேபிள் ஒட்டி, ஒன்பது மணிக்கு ‘வகுப்பு’ தொடங்கினார். கொஞ்ச நாளில் பையன் அம்மாவைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய்விட்டான். அப்புறம் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, தினமும் மளிகைக் கடைக்கு அழைத்துப்போனார். ஐம்பது ரூபாயை நீட்டவேண்டும், சோப்பை வாங்கவேண்டும், மீதிச் சில்லறை வரும்வரை நிற்கவேண்டும். பல நாள் அந்த நிற்பதுதான் பாடம். கழித்தல் கணக்கு பிறகு தானாக வந்தது. கடைக்காரரும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.

கணவரின் ‘நாலு பிள்ளைகள்’ கேள்வி நியாயமானது. ஆனால் கடைசி பெஞ்சில் அவன் யாரோடு பழகுகிறான்? உங்கள் ஒன்றியத்தில் பள்ளிக் கல்விக்கென அரசு நடத்தும் வட்டார வள மையத்துக்கு இருவரும் போய், இப்படிப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். எந்த அரசுப் பள்ளியில் இப்படிப் பிள்ளைகள் படிக்கிறார்கள், எந்த ஆசிரியர் பொறுமையானவர் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பள்ளி மாற்றுவதும் ஒரு வழி. அதைப் பார்க்காமல் வீட்டுக் கல்விக்குள் இறங்காதீர்கள்.

அப்புறம், உங்கள் வேலை. வீட்டுக் கல்வி என்றாலே அம்மா ராஜினாமா செய்வது என்று ஆகிவிட்டது. தெரபி செலவு இருக்கிற வீட்டில் ஒரு சம்பளம் போவது சின்ன விஷயமில்லை. சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். மளிகைக் கடைக்கு அழைத்துப்போவதைக் கணவரும் செய்யலாம்.