அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

அன்புள்ள ஐயா,

ஏர்பேக் கோளாறுக்காகக் கார்களைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுப்பது பற்றிப் போன வாரம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். முப்பது வருஷமாக டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். கும்பகோணத்தில் ஆட்களை ஏற்றி நவக்கிரகக் கோயில்களுக்குக் கூட்டிக்கொண்டு போய்வருவதுதான் பிழைப்பு. உங்கள் கட்டுரை எனக்குப் பிடிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் கம்பெனியைக் குறை சொல்கிறோம். பின்சீட்டில் உட்காருகிறவர்களிடம் பெல்ட் போடச் சொன்னால், “சூரியனார்கோயில்தானே, போங்க” என்கிறார்கள். பெல்ட் சத்தம் வராமல் இருக்கக் கிளிப் வாங்கி மாட்டுகிறவன், போனில் பேசிக்கொண்டே ஓட்டுகிறவன், மொட்டை டயரோடு திருநள்ளாறு போகிறவன், இவர்களுக்கெல்லாம் ஏர்பேக் நன்றாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? எங்கோ ஒரு கார் எரிந்தால் அந்த வீடியோவை நூறு பேருக்கு அனுப்பிக் கம்பெனியைத் திட்டுவதும் இதே ஆட்கள்தான். ஓட்டுகிறவன் ஒழுங்காக இருந்தால் ஒன்றும் ஆகாது. கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

கே.ஆர்., வலங்கைமான்

அன்புள்ள கே.ஆர். அவர்களுக்கு,

மன்னிப்பெல்லாம் எதற்கு? முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவருக்கு இந்தக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் எனக்குச் சம்மதம்.

அந்தக் கிளிப்பை நானும் பார்த்திருக்கிறேன். பெல்ட்டின் நாக்கு மட்டும் தனியாக, மேலே காரின் சின்னம் பொறித்து விற்கிறார்கள். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து பெரிய இணைய விற்பனை நிறுவனங்களை அழைத்து, இதை விற்கக் கூடாது என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. பெல்ட் போட்டவரை மனதில் வைத்துத்தான் ஏர்பேக்கை அமைக்கிறார்கள். பெல்ட் இல்லாமல் முன்னால் தூக்கி எறியப்படுகிறவரை, வெடித்து விரியும் அந்தப் பையே காயப்படுத்திவிடும். பந்தாவுக்காக முன்னால் மாட்டுகிற இரும்புக் கம்பி பம்பரும் அப்படித்தான். மோதலின் வேகம் சென்சாருக்குச் சரியாகப் போய்ச் சேராமல் கெடுக்கும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைச் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. மன்னார்குடி ரோட்டில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் எத்தனை வண்டியில் அது இருக்கிறது என்று தெரியும். இதிலெல்லாம் கம்பெனியை நான் இழுக்க மாட்டேன்.

ஆனால் “ஓட்டுகிறவன் ஒழுங்காக இருந்தால் ஒன்றும் ஆகாது” என்ற அந்த ஒரு வரியை என்னால் விட முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவரை அந்த வரி ஒன்றரை வருஷம் முடக்கிப் போட்டது.

பாபநாசத்தில் இருக்கும் என் சித்தப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து வருஷம் ஓடிய பெட்ரோல் கார் ஒன்றைத் தெரிந்த புரோக்கர் மூலம் வாங்கினார். முதல் சொந்தக்காரர் கோயமுத்தூர்க்காரர். ஒரு தை மாதம், சம்பா அறுவடை மும்முரமாக நடக்கிற நேரம். குடமுருட்டிக் கரை ரோட்டில் பாதியை மறித்து நெல் காயப் போட்டிருந்தார்கள், ஓரத்தில் வரிசையாகச் செங்கல். அதைப் பார்த்துப் பிரேக்கை மிதித்திருக்கிறார். பெடல் இறங்கவில்லை. “கல்லை மிதிச்ச மாதிரி இருந்துச்சுடா” என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். கார் நெல்லின் மேல் ஏறி, சரிவில் இறங்கி, படுகையில் இருந்த வாழைகளில் போய் நின்றது. ரோட்டில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் அப்போதுதான் நிழலுக்குப் போயிருந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. சித்தப்பாவுக்கு மணிக்கட்டு உடைந்ததோடு போயிற்று.

ஊர் அன்று சாயங்காலமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. “வாத்தியாருக்கு வயசாயிடுச்சு, பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டரை அமுத்திட்டார்.” பிள்ளைகள் சாவியை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். பத்து நாளில் சித்தப்பாவே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். டீக்கடைக்குப் போவதைக்கூட விட்டுவிட்டார்.

வண்டி செட்டிலேயே கிடந்தது. ஒன்றரை வருஷம் கழித்து, விற்றுவிடலாம் என்று மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்கள், நானும் பக்கத்தில் இருந்தேன். புதுப் பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் உதறுகிறது. இன்ஜினில் இருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் கறுப்பு ரப்பர் ஹோஸைக் கிளாம்ப் பக்கத்தில் பிடித்து லேசாக வளைத்தார். வாய் பிளந்த மாதிரி ஒரு வெடிப்பு. உஸ் என்று காற்று இழுக்கும் சத்தம். கட்டைவிரலை அதன் மேல் வைத்து அமுக்கினார். சத்தம் நின்றது, இன்ஜின் உதறலும் நின்றது. விரலை எடுத்தார், மறுபடி உதறல். மூன்று தடவை செய்து காட்டினார். “இதை வச்சுக்கிட்டு யார் மிதிச்சாலும் இப்படித்தான் சார் இருக்கும்” என்றார். இன்ஜின் இழுக்கும் காற்றின் பலத்தில்தான் பூஸ்டர் நம் கால் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிறது. அது போய்விட்டால் பிரேக் இருக்கும், ஆனால் பல மடங்கு பலத்தோடு மிதிக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அன்று ராத்திரி சித்தப்பா மகன் கம்பெனியின் இணையதளத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தான். அந்த ஹோஸுக்காகவே அந்த வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டிருந்தன. சர்வீஸ் சென்டரில் விசாரித்தபோது, விபத்துக்கு முந்தியே கடிதம் போட்டாகிவிட்டது என்றார்கள். எந்த முகவரிக்கு? கோயமுத்தூர் முகவரிக்கு.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு வசதி. முழுப் பழியையும் கம்பெனி மேல் போட்டுவிடலாம். ஆனால் சித்தப்பா அதற்கு விடவில்லை. “ஒரு வாரமாவே பெடல் கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு, சத்தமும் கேட்டுச்சு. அறுப்பு முடியட்டும்னு விட்டுட்டேன். அது என் தப்புதான்” என்றார். ஊர் சொன்ன தப்பை அவர் செய்யவில்லை. தான் செய்த தப்பை ஒளிக்கவும் இல்லை. பொறுப்பு என்று நீங்கள் சொல்வது இதைத்தான் என்றால் அதற்கு நான் கும்பிடு போடுகிறேன். ஆனால் அவர் ஒரு வாரம் தள்ளிப்போட்டதால், வெடித்துப்போகிற ஹோஸை மாட்டி விற்றவரின் பொறுப்பில் ஓர் அணுவும் குறையவில்லை. ஒருவர் பங்கைக் கூட்டினால் இன்னொருவர் பங்கு கழிந்துவிடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். எனக்கு அதுதான் ஆகாது.

இதில் ஊரை மட்டும் சொல்லிப் பயனில்லை. எஃப்.ஐ.ஆரில் வருகிற வாசகம் உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும்: “வண்டியை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து.” அப்புறம் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்ப்பார். இந்த ஒரு வண்டியில் பிரேக் பிடிக்கிறதா, ஸ்டியரிங் சரியாக இருக்கிறதா என்பதுதான் அவர் வேலை. அதே மாடலில் வேறு ஊர்களில் என்ன நடந்தது என்று கோத்துப் பார்ப்பது அவர் வேலை இல்லை.

அதைக் கோக்க வேண்டியது யார்? நாம்தான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 2021 ஏப்ரலில் இருந்து அதற்கு விதிகளும் இருக்கின்றன. ஒரு மாடலைப் பற்றி வரும் புகார்கள் ஓர் எண்ணிக்கையைத் தாண்டினால் அரசே விசாரித்து, வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவு போடலாம், ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் போடலாம். புகாரை வாகன் இணையதளத்தில் பதிவு செய்யலாம். எல்லாம் எண்ணிக்கையில் நிற்கிறது பாருங்கள். “நான்தான் சரியாக ஓட்டவில்லை” என்று ஒருவர் தலை குனிந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அந்தக் கணக்கில் ஒன்று குறைகிறது. அதே ஹோஸ் இன்னொரு ஊரில் இன்னொருவர் காலடியில் வெடிக்கிறது.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் 2014-ல் சாவி போடும் சுவிட்ச் கோளாறுக்காக லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ முழங்கால் பட்டாலோ சாவி தானாக நழுவித் திரும்பிவிடும். ஓடும்போதே இன்ஜின் நிற்கும், பவர் ஸ்டியரிங் போய்விடும், மோதினால் ஏர்பேக் விரியாது. கம்பெனிப் பொறியாளர்களுக்குப் பத்து வருஷமாகத் தெரிந்த விஷயம் இது. 2006-ல் சுவிட்சைச் சத்தமில்லாமல் மாற்றினார்கள், பாகத்தின் எண்ணை மட்டும் மாற்றவில்லை. பழசு எது புதுசு எது என்று கண்டுபிடிக்க முடியாமல் போயிற்று. அந்த விபத்துகளில் செத்தவர்களில் குடித்திருந்தவர்களும் உண்டு, வேகமாகப் போனவர்களும் உண்டு, பெல்ட் போடாதவர்களும் உண்டு. அதனாலேயே பல விபத்துகளில் யாரும் சுவிட்சைச் சந்தேகப்படவில்லை. இழப்பீட்டை முடிவு செய்ய அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் கென்னத் ஃபைன்பர்க், ஓட்டியவரின் தப்பைக் கணக்கில் எடுக்க மாட்டேன், சுவிட்ச்தான் காரணமா என்பதை மட்டும் பார்ப்பேன் என்றார். கடைசியில் 124 சாவுகளுக்கு இழப்பீடு கொடுக்கப்பட்டது.

உங்கள் பக்கத்துக்கும் ஒரு சாட்சி இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. ஆடி 5000 என்ற கார் தானாகச் சீறிப் பாய்கிறது என்று 1986-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி சொன்னது. ஜனங்கள் கொதித்துப்போனார்கள். 1985-ல் அமெரிக்காவில் சுமார் 74 ஆயிரம் விற்ற கம்பெனி 1991-ல் 12 ஆயிரம் சொச்சத்துக்கு இறங்கியது. 1989-ல் அரசு விசாரணை முடிந்தபோது, பெரும்பாலும் ஓட்டியவர்கள்தான் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. என் சித்தப்பாவைப் பற்றி ஊர் சொன்னது அங்கே உண்மையாகவே நடந்திருக்கிறது. சரி, அந்தத் தப்பு எதனால் குறைந்தது? ஓட்டுகிறவர்களுக்குப் புத்தி சொன்னதாலா? 1987-லேயே ஆடி அந்தக் கார்களைத் திரும்ப அழைத்து, பிரேக்கை மிதித்தால் ஒழிய ‘பார்க்’ நிலையில் இருந்து கியர் நகராதபடி ஒரு பூட்டை வைத்தது. இன்றைக்கு ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுகிற எல்லோரும் அந்தப் பூட்டை அனுபவிக்கிறோம். மனிதன் தவறு செய்வான் என்று தெரிந்து வண்டியைச் செய்வதும் கம்பெனியின் பொறுப்புதானே?

நீங்கள் கோபப்பட்ட அந்த ஏர்பேக் சமாச்சாரத்துக்கு வருகிறேன். டகாட்டா என்ற ஜப்பானியக் கம்பெனி ஏர்பேக்கை விரிய வைக்க அம்மோனியம் நைட்ரேட் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தியது. பல வருஷம் வெயிலும் ஈரக்காற்றும் பட்டால் அது கெட்டு, விரிய வேண்டிய நேரத்தில் அளவுக்கு மீறி வெடித்து, உலோகக் கூட்டை உடைத்து, ஓட்டுகிறவர் மேல் துண்டுகளாக வீசும். அமெரிக்காவில் புளோரிடா மாதிரி வெப்பமும் ஈரமும் உள்ள இடங்களைத்தான் முதலில் கவனித்தார்கள். 2017-ல் கம்பெனி திவாலானது. இந்தியாவிலும் ஹோண்டா, டொயோட்டா கார்கள் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. வெயில், ஈரம், பழைய வண்டி என்றால் நாகப்பட்டினமும் வேதாரண்யமும் உங்களுக்கு ஞாபகம் வரவில்லையா? ஊருக்குள் ஓடுகிற கார்களில் பாதிக்கு மேல் கைமாறி வந்தவை போலத்தான் எனக்குப் படுகிறது. அரசின் கட்டாயத் திரும்ப அழைப்பு விதியோ ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளோடு நின்றுவிடுகிறது. நாம் வாங்குவதே எட்டாம் வருஷத்தில்! இந்த வரம்பைத் தளர்த்த வேண்டும், திரும்ப அழைக்கும் கடிதம் ஆர்.சி.யில் இன்றைக்கு யார் பெயர் இருக்கிறதோ அவருக்குப் போக வேண்டும். இதற்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.

உங்கள் ஆர்.சி.யிலும் சேஸிஸ் நம்பர் இருக்கிறது. தயவுசெய்து கம்பெனியின் தளத்தில் போட்டுப் பாருங்கள், ஸ்டாண்டில் நிற்கிற மற்ற வண்டிகளுக்கும் பார்த்துக் கொடுங்கள். இணையத்தில் சிரமமாக இருந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

சித்தப்பா இப்போது மறுபடி ஓட்டுகிறார். போன மாதம் எல்லோரும் திங்களூர் போய்வந்தோம். கிளம்புமுன் இன்ஜினை ஆன் செய்யாமலே பிரேக்கை நாலு தடவை மிதித்தார். பிறகு காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தார். பூஸ்டர் நன்றாக இருந்தால் அப்போது பெடல் கொஞ்சம் கீழே இறங்கும். “இறங்குது” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அப்புறமும் வண்டி நகரவில்லை. பின்சீட்டில் சித்தி இருக்கையின் சந்துக்குள் கை விட்டுப் பெல்ட் கொக்கியைத் தேடி எடுத்து மாட்டும் வரைக்கும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அன்புடன்.